கருகமணி வந்த வழி: கண்ணாடி மணித் தொழிலும் நாம் எழுதாமல் விட்ட வரலாறும்

நம் சமூகத்தின் வரலாற்றுக் கட்டுரைகளில் கப்பல்கள் நிறைய ஓடியிருக்கின்றன. அரபுக் கப்பல், மரக்கலராயர், முத்துக் குளிப்பு, குதிரை வணிகம், பாக்கு, கறுவா என்று எழுதியிருக்கிறோம். வணிகன் எந்தத் துறையில் இறங்கினான், எந்த அரசனிடம் சலுகை பெற்றான், எந்த ஊரில் பெண் எடுத்தான் என்பதெல்லாம் ஓரளவுக்குத் தெரியும். அவன் பெட்டிக்குள் இருந்த சாமானைச் செய்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அப்படி ஒரு சாமானைப் பற்றியது. மிளகை விடச் சிறியது, விலையும் பெரிதாக இல்லை. ஆனால் நம் உம்மும்மாமார் கழுத்தில் மௌத் வரைக்கும் கிடந்தது. கருகமணி.

கருகமணி என்றால் கறுத்த மணி. சில ஊர்களில் கருசமணி என்பார்கள். நிகாஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணின் கழுத்தில் கட்டுவார்கள். முன்பு நூலில் கோத்தது, பிறகு பொன் குண்டுகளுக்கு நடுவே கோத்தது, இப்போது பல வீடுகளில் மணியே இல்லாத தங்கச் சங்கிலி. இது தாலியைப் பார்த்து வந்த வழக்கம், விட்டுவிட வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அது கடமையும் அல்ல சுன்னத்தும் அல்ல, ஊர் வழக்கம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. நான் சொல்ல வருவது வேறு. பெண்ணின் கழுத்து மணிக்கு நம் வரலாற்றில் இடமே இல்லை என்பது போல நாம் பேசுகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மாலை அறுந்து தொலைந்ததையும், அதைத் தேடியதால் வந்ததையும் மதரஸாப் பிள்ளையும் அறியும். அந்த மாலை யமன் நாட்டு ழஃபார் மணியால் ஆனது என்று ஹதீஸ் ஊரின் பெயரோடு சொல்கிறது. அது கண்ணாடி அல்ல, கல்மணி. இருந்தாலும் ஒரு மணி எந்த ஊரில் இருந்து வந்தது என்பதைக் குறித்து வைப்பது பயனற்ற வேலை அல்ல என்பதற்கு அதைவிடப் பெரிய முன்மாதிரி எனக்குத் தேவையில்லை.

மலையகத்துக்கு வருவோம். ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்தது. கோப்பி செத்து தேயிலை தலையெடுத்த காலம். ரயில் வந்த இடமெல்லாம் டவுன் முளைத்தது. டவுன் முளைத்த இடமெல்லாம் நம்மவர் கடை முளைத்தது. கடை இல்லாதவர் பொட்டணி தூக்கினார். என் உம்மாவின் வாப்பா அப்படிப் பொட்டணி தூக்கியவர்தான். சம்பள நாள் பார்த்துத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். முதுகில் துணி மூட்டை, கையில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் வளையல், ரிப்பன், சாந்துப் பொட்டு, பாசிமணி. லயத்து வாசலில் பெட்டியைத் திறந்தால் வேலை விட்டு வந்த பெண்கள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். பச்சைப் பிள்ளையின் கையில் கட்ட அவர்கள் வாங்கியதும் அதே கறுப்பு மணி, நம் பெண்கள் கழுத்துக்குக் கோத்ததும் அதே கறுப்பு மணி. கோயிலா பள்ளியா என்று மணி கேட்கவில்லை.

'இதெல்லாம் எங்க இருந்து வாப்பா வருது' என்று உம்மா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். 'புறக்கோட்டையில இருந்து' என்பதுதான் பதில். வியாபாரியின் பூகோளம் அங்கே முடிந்துவிடுகிறது. மொத்தக் கடைக்கு அப்பால் உலகம் இருப்பது அவருக்குத் தேவைப்படவில்லை. நம் வரலாற்று எழுத்தும் ஏறக்குறைய புறக்கோட்டையோடு நின்றுவிட்டது என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

புறக்கோட்டைக்கு அப்பால் என்ன இருந்தது? 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆசியா, ஆபிரிக்கா முழுவதும் சிறு கண்ணாடி மணிகளைக் கொட்டியவை இரண்டு இடங்கள். ஒன்று இத்தாலியின் வெனிஸ். மற்றது பொஹீமியாவின் யாப்லோனெட்ஸ், இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. வெனிஸ் அரசு தீ விபத்துக்குப் பயந்து 1291இலேயே கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. தொழில் இரகசியம் வெளியே போகாமல் காப்பதற்கும் அந்தத் தீவு வசதியாக அமைந்தது. தொழில் தெரிந்தவன் நாட்டை விட்டுப் போவது அங்கே குற்றம். அங்கு மணி செய்யும் முறை இது: உருகிய கண்ணாடி உருண்டையில் காற்றுக் குமிழை வைத்து, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடுவார்கள். நடுவில் கண்ணாடி நீண்ட குழலாக இழுபடும். குமிழும் கூடவே நீண்டு துளையாகிவிடும். குழலைத் துண்டு துண்டாக வெட்டினால் மணி. அவற்றைச் சரம் கோத்தது வெனிஸின் ஏழைப் பெண்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்து.

ஆனால் வெனிஸ் தலையெடுப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே மணி இழுக்க நம் பக்கத்தில் வேறு ஒரு முறை இருந்தது. இப்போதும் ஒரே ஓர் ஊரில் மிஞ்சியிருக்கிறது. ஆந்திராவில் ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையில் உள்ள பாப்பநாயுடுபேட்டை. அங்கே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

'லடா' என்பது நீளமான இரும்புக் குழாய். உருகிய கண்ணாடியை அதன் முனையில் திரும்பத் திரும்பச் சுற்றி எடுத்து, கல்லின் மேல் உருட்டி, பெரிய கூம்பாகத் திரட்டுகிறார்கள். ஒருவர் தூக்க முடியாத பாரம். பிறகு குழாய்க்குள்ளால் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி, கூம்பின் நடுவில் துளை போடுகிறார்கள். துளைத்த கூம்பை லடாவோடு இன்னோர் உலை வாயில் ஏற்றி, உதவியாட்கள் ஓயாமல் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். எதிர்ப்பக்கத்து வாயில் உட்கார்ந்திருக்கிறார் உஸ்தாது. கொக்கியை நீட்டிக் கூம்பின் நுனியைப் பிடித்து இழுக்கிறார். கண்ணாடி நூலாக வருகிறது, நூலுக்குள் துளையும் வருகிறது. அதன்பிறகு அவர் நிறுத்தவே முடியாது. கை மாற்றிக் கை மாற்றி, மணிக்கணக்காக, ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும், நின்றால் அறும். அளவுகோல் அவருடைய கைதான்.

குழல்களை ஒடித்து, ஒரு கைப்பிடி எடுத்து, நட்டு வைத்த உளியின் மேல் வைத்து இன்னோர் உளியால் தட்டினால் பொடிப் பொடியாக மணி விழும். ஓரம் கூராக இருக்கும், கழுத்தை அறுக்கும். அதற்காகச் சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் போட்டு மறுபடி சூடேற்றிக் கிளறுகிறார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்து அதை அடைபடாமல் காக்கும், மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. வெப்பத்தில் ஓரம் மழுங்கி உருண்டையாகும். பிறகு சலிப்பது, அளவு பிரிப்பது, கோப்பது. இந்தக் கடைசி வேலைகள் பெரும்பாலும் பெண்கள் கையில். நிறத்துக்கு உலோகம்: செம்பு சேர்த்துக் காற்றைக் குறைத்துக் காய்ச்சினால் செங்கல் சிவப்பு, ஈயமும் தகரமும் மஞ்சளுக்கு, இரும்பும் மாங்கனீசும் கூடினால் கறுப்பு.

இந்த வேலையை எட்ட நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் செய்ய முடியாது. உலை கட்டுபவர், கூம்பு திரட்டுபவர், துளைப்பவர், திருப்புபவர், இழுப்பவர் என்று ஒரு கூட்டமே ஒரு கையாக இயங்க வேண்டும். ஏட்டில் எழுதிப் படிப்பதும் நடக்காது. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் 'அத்துர்ரா அல்மக்னூனா' என்ற நூலில் நிறக் கண்ணாடிக்கான செய்முறைகள் வரிசையாக இருக்கின்றன. நிறம் எதனால் வரும் என்று நூல் சொல்லும். எப்போது இழுப்பது என்று உலையின் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

இதைத் தொல்லியலோடு சேர்த்துப் பார்த்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். மணியைத் தவிர வேறொன்றையும் படிக்காத மனிதர் என்றே சொல்லலாம். பாப்பநாயுடுபேட்டையில் தொழிலைக் கவனித்து, அங்கே குப்பையில் விழும் கழிவு எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்தார்: நசுங்கிய குழல், துளையோடு உடைந்த கண்ணாடிக் கட்டி, சாம்பலில் ஒட்டிப்போன மணிக் கொத்து. அதே கழிவு அகழ்வில் எங்கே கிடைக்கிறதோ அங்கே அதே தொழில் நடந்திருக்கிறது. முடிந்த மணி கப்பலில் எங்கும் போகும். கழிவை யாரும் கப்பலில் ஏற்றுவதில்லை. இந்த ஒரு எளிய நியாயத்தில் இருந்துதான் பெரிய வரலாறு ஒன்று விரிந்தது. அதுவரை 'பருவக்காற்று மணிகள்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறு மணிகளுக்கு அவர் 'இந்தோ-பசுபிக் மணிகள்' என்று பெயரிட்டார். 2002இல் அவர் காலமான அதே ஆண்டில் அவருடைய பெரிய நூலும் வெளிவந்தது.

கழிவைத் தேடிப் போனால் முதலில் வருவது புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு. 1945இல் மோர்டிமர் வீலர் அங்கே தோண்டினார். கிடைத்த ரோமானிய ஓடுகளால் அந்த இடம் உலகப் புகழ் பெற்றது. அதே மண்ணில் இருந்த மணிகளுக்கு அந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை. ரோமாபுரிக்காரன் சாராயம் குடித்த சாடிக்கு இருந்த மவுசு, நம் ஊர்க்காரன் இழுத்த மணிக்கு இல்லை. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டியபோதுதான் உள்ளூர்த் தொழிலின் ஆழம் சரியாகப் பேசப்பட்டது.

அடுத்தது நம் நாடு. மன்னாருக்கு எதிர்க்கரையில், திருக்கேதீச்சரக் கோயிலைச் சுற்றி இருக்கும் மேடு. மாந்தை, மாதோட்டம் என்று தமிழில் பேர் போன துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல், மார்த்தா பிரிக்கெட், சிரான் தெரணியகல ஆகியோர் அங்கே அகழ்ந்தார்கள். போர் வந்தது, மண்வெட்டி நின்றது. முழு அறிக்கை வெளிவர 2013 ஆயிற்று. சீன ஓடும் அப்பாசியர் காலத்து ஓடும் ஒரே மண்ணில் கிடைத்த இடம் அது. நம் ஆய்வாளர்கள் அந்த ஓடுகளை எடுத்துக் காட்டத் தவறியதில்லை. அதே இடத்தில் கண்ணாடி மணி செய்த கழிவும் கிடைத்தது. தொழில் அங்கேயே நடந்திருக்கிறது. மணி மட்டுமல்ல, கண்ணாடியையே காய்ச்சிய பெரிய உலைகள் குருநாகல் மாவட்டத்து கிரிபாவவில் வெளிப்பட்டன. ஒஸ்மண்ட் போபேஆரச்சி குழுவினர் அதை அகழ்ந்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது.

மலையகத்து வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து வந்த கூலிச் சனம் எந்த வழியாக வந்தது? தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே மதவாச்சி, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தது. வழியெல்லாம் பிணம் விழுந்த வடக்குப் பாதை. அந்தப் பாதையின் தொடக்கத்தில் மாந்தை மேடு கிடந்தது. கண்ணாடி இழுத்த கைகள் கடல் தாண்டி வந்து உட்கார்ந்த அதே கரையில், ஆயிரம் ஆண்டு கழித்து, கொழுந்து கிள்ளப் போகும் கைகள் இறங்கின. ஒரு தொகுதியை 'வணிகக் கலாசாரம்' என்று எழுதுகிறோம், மற்றத் தொகுதியை 'கூலிக் குடிபெயர்வு' என்கிறோம். இரண்டும் உழைப்பாளி கடல் தாண்டிய கதைதான்.

கடல் அங்கே முடியவில்லை. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குலோங் தோம் என்ற இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. 'குவான் லுக் பாட்' என்று தாய் மொழியில் பெயர். மணி மேடு என்று பொருள். அங்கும் மணி செய்த கழிவு உண்டு. அங்கே கிடைத்த ஒரு சிறு கல்தான் என் போன்ற தமிழ்ப் பட்டதாரிகளைத் தூங்கவிடாதது. பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல். அதில் பிராமி எழுத்தில், தமிழில், 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பொ.ஆ. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பெரும்பத்தனுடைய கல் என்று கொள்ளலாம். பொற்கொல்லரைப் பத்தர் என்று இன்றும் தமிழ்நாட்டில் அழைக்கிறோமே, அந்தச் சொல். கடலுக்கு அப்பால் மன்னர்கள் வெட்டிய தமிழ்க் கல்வெட்டும் உண்டு, வணிகக் குழுக்கள் வெட்டியதும் உண்டு. இது இரண்டும் அல்ல. ஒரு நகைத் தொழிலாளி தன் கருவியில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. பட்டறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், கல் மாறிப்போய்விடக் கூடாது என்று பயந்திருக்கிறார் போலும்.

இன்னும் கிழக்கே வியட்நாமின் ஒக் இயோ, மலாயாவின் குவாலா சிலின்சிங், கடாரத்துச் சுங்கை மாஸ் என்று மணித் தொழில் நடந்த இடங்கள் தொடர்கின்றன. மலாய் மொழியில் முத்துக்கு 'முத்தியாரா'. நம் முத்தாரத்தில் இருந்து போன சொல் என்பார்கள். திமோர்த் தீவுப் பக்கம் இந்தப் பழைய சிவப்பு மணிகள் 'முத்தி சாலா', அதாவது பொய்முத்து என்ற பெயரில் பரம்பரைச் சொத்தாக இருந்து, கலியாணச் சீராகக் கை மாறுகின்றன. கருகமணிக்கு அங்கே ஒரு சிவப்புச் சகோதரி.

அரிக்கமேட்டுத் தொழிலாளர்களே மாந்தைக்கும் குலோங் தோமுக்கும் ஒக் இயோவுக்கும் போய்த் தொழிலைப் பரப்பினார்கள் என்பது பிரான்சிஸின் கருத்து. பிறகு வந்த வேதியியல் ஆய்வுகள் இந்த நேர்கோட்டைச் சிக்கலாக்கிவிட்டன. கண்ணாடி காய்ச்சிய இடம் வேறு, மணி இழுத்த இடம் வேறு என்பது இப்போது தெளிவு. கண்ணாடிக் கட்டி கப்பலேறியிருக்கிறது, ஒரே காலத்தில் பல மையங்கள் இயங்கியிருக்கின்றன. எல்லாவற்றையும் அரிக்கமேட்டின் கணக்கில் எழுத முடியாது. நம்மவர்களில் சிலர் 'தமிழனே உலகுக்குக் கற்றுக் கொடுத்தான்' என்று மேடையில் முழங்குவதற்கு இது உதவாது. ஆனால் ஒன்றை அந்த ஆய்வுகள் அசைக்கவில்லை. கட்டி கப்பலில் போகலாம், லடா இழுக்கும் கை தானாகப் போகாது. ஒன்று தெரிந்தவர் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது தெரியாதவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். என் கணிப்பு, இரண்டும் நடந்தது என்பதே. ஒரு குடும்பம் கடல் தாண்டிப் போனாலும் நாலைந்து தலைமுறைக்கு அது தனியாகத் தாக்குப்பிடிக்காது. அந்த ஊரில் பெண் எடுத்து, அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தால்தான் உலை எரியும். நம் சமூகமே இப்படித்தானே இந்தத் தீவில் வேரூன்றியது!

மேற்கே பார்த்தால் கதை நமக்கு இன்னும் நெருங்குகிறது. சன்சிபார் தீவில் உங்குஜா உக்கு என்ற இடம் 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை துறைமுகமாக இருந்தது. அங்கே கிடைத்த கண்ணாடி மணிகளை மரிலி வூட் முதலியோர் பகுப்பாய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அவற்றில் பல இலங்கையில் செய்யப்பட்டவை என்பது அவர்கள் முடிவு. ஒப்பிடுவதற்கு மாந்தை மணிகள் உதவின. இஸ்லாம் கிழக்காபிரிக்கக் கரையில் கால் வைத்த அதே நூற்றாண்டுகள் அவை. மாந்தையில் சாம்பலில் புரண்ட மணி சுவாஹிலிப் பெண்ணின் கழுத்துக்குப் போயிருக்கிறது. கொண்டுபோன மாலுமிகளில் நம் மார்க்கத்தார் இருந்திருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. இழுத்தவரின் மார்க்கம் எது என்று மணி சொல்லாது. சைவரோ பௌத்தரோ, யாரோ. அவரையும் சேர்த்துத்தான் அந்த வரலாறு.

11ஆம் நூற்றாண்டளவில் மாந்தை அடங்கிவிட்டது. துறை போனது, உலை போனது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாமல் போனது. மணி வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. வேறு கரையில் செய்ததை வாங்கி விற்றுக்கொண்டே இருந்தோம். என் பாட்டனாரின் தகரப் பெட்டி வரைக்கும்.

அப்படியானால் முஸ்லிம்கள் மணி செய்யவே இல்லையா? விற்கத்தான் பிறந்தவர்களா? இந்த எண்ணம் நமக்குள் ஆழமாகப் போயிருப்பதால் சில ஊர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலஸ்தீனத்தின் அல்-கலீல், வெளியார் ஹெப்ரோன் என்பார்கள். கண்ணாடிக்குப் பேர் போன ஊர். அங்கே செய்த தடித்த மஞ்சள், பச்சை மணிகள் சூடான் வழியே நைஜீரியாவின் கானோ வரைக்கும் போயின. நைஜீரியாவின் பிடா நகரில் மசாகா என்ற கண்ணாடித் தொழிலாளர் குழு இருக்கிறது. நூபே முஸ்லிம்கள். தம் முன்னோர் மிஸ்ரில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. நடேல் என்ற மானிடவியலாளர் 1942இல் வெளியிட்ட நூலில் அவர்களை விரிவாக எழுதியிருக்கிறார். துருக்கியின் இஸ்மீர் நகரத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் அரபு நாட்டுக் கண்ணாடித் தொழிலாளர்கள் வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களிடம் படித்த துருக்கியர் வழியில் தொழில் கொரேஜே, நசர்கோய் என்ற இரண்டு கிராமங்களில் நிலைத்தது. விறகு உலை, ஒரு உஸ்தாது, பக்கத்தில் ஒரு சீடப் பிள்ளை. அவர்கள் செய்வது நீலக் கண் போட்ட திருஷ்டி மணி. அதைக் கட்டலாமா கூடாதா என்ற கேள்வி தனி. உலைக்கு முன்னால் பிஸ்மி சொல்லி உட்காருபவன் தொழிலாளி என்பது தனி. வடஇந்தியாவில் பிரோசாபாத் வளையலுக்குப் பின்னால் ஷீஷ்கர் முஸ்லிம்களின் கைகள் உண்டு. ஹாத்ரஸ் மாவட்டத்துப் புர்தில்நகரில் விளக்குச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, கம்பியில் சுற்றி மணி செய்கிறார்கள், குடும்பம் குடும்பமாக.

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி, தோட்டத்தை ஒட்டிய சிறு டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம், வீட்டில் இருந்தே நகை கோத்து விற்கிறாள். காதணி, மாலை, புதுமாதிரிக் கருகமணியும். கை சுத்தம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள் வந்து, 'டீச்சர், கோக்கிறது போதும். மணிய நானே செய்யப் படிக்கணும். எங்க போகணும்?' என்று கேட்டாள். மாந்தை என்று சொல்ல ஆசை வந்தது. ஆயிரம் வருடம் பிந்திவிட்டோம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு உட்கார வைத்து மேலே எழுதியதெல்லாம் சொன்னேன்.

பாப்பநாயுடுபேட்டையில் லடா வேலை ஆண்கள் வேலை, கூட்டு வேலை. ஒரு வெளியூர்ப் பெண் போய் உலையடியில் உட்கார முடியாது. ஆனால் வெட்டுவது, சாம்பலில் கிளறுவது, அளவு பிரிப்பது, கோப்பது எல்லாம் பார்த்துப் படிக்கலாம். தனி ஆளாகச் செய்ய வேண்டுமென்றால் புர்தில்நகரத்துச் சுடர் வேலைதான் பொருந்தும். ஒரு மேசை, ஒரு சுடர், கண்ணாடிக் குச்சி, கம்பி. குளிர் ஊரில் சூடான மணியைத் திறந்து வைத்தால் வெடித்துவிடும். சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆற வைக்க வேண்டும். நம் ஊருக்கு அதுதான் முதல் பாடம்.

வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பொம்புளைப் பிள்ளை தனியாக இந்தியாவுக்கா என்ற பயம் எந்த வாப்பாவுக்கும் வரும், அதில் தப்புச் சொல்ல முடியாது. அவர் சொன்ன இரண்டாவது காரணம்தான் எனக்கு உறைத்தது. 'டீச்சர், நாங்க விக்கிற ஆக்கள். செய்யிற ஆக்கள் இல்ல.' அவமானப்படுத்தச் சொன்னதல்ல. உண்மையாகவே அப்படி நம்புகிறார். நாம் எழுதிய வரலாறு அதைத்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறது. சலாபம், கறுவா, கப்பல், கடை. நெசவு செய்த ஊரும், பாய் இழைத்த கையும், பொன் வேலையும் மாணிக்கம் பட்டை தீட்டுவதும் தெரிந்த குடும்பங்களும் நம்மிடம் இருக்க, கணக்குப் புத்தகத்தை மட்டும் வரலாறு என்று அச்சிட்டிருக்கிறோம்.

அவரோடு நான் வாதாடவில்லை. பெரும்பத்தனின் உரைகல்லின் படத்தைக் காட்டி, அதில் இருக்கும் எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'தமிழ்தான்' என்றார். பிறகு கடைக்கு ஆள் வந்துவிட்டது.

கடந்த துல்ஹஜ்ஜுக்குப் பிறகு ஒரு நாள் பஸ் நிலையத்தில் கண்டார். மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகச் சென்னைக்குத் துணி எடுக்கப் போகிறார்களாம்; இரண்டு நாள் தள்ளி நின்றுவிட்டு வரலாம் என்று நினைக்கிறாராம். அந்த ஊருக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டார். ரேணிகுண்டா என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து காளஹஸ்தி போகும் ரோட்டில், பஸ்ஸில்.